கணினி தொடாமல் கேசட்டைப் பதிய ஒரு பெட்டி

அப்பா போட்ட நிபந்தனை ஒன்றுதான். "கம்ப்யூட்டரத் திறக்கச் சொல்லாதம்மா. முன்னாடி மாதிரி பொத்தான அமுக்கினா பதியணும், ஊசி ஆடுறது கண்ணுக்குத் தெரியணும்." இந்த இரண்டு வரிக்கு ஏற்ற ஒரு ரெக்கார்டரைத் தேடிப் பிடித்து, அவருடைய பழைய ஹை-ஃபை செட்டோடு இணைத்து, அவரே தனியாகப் பதியத் தொடங்கும் வரை நான்கு மாதம் ஆனது. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

வீடு கோலாலம்பூர் செந்தூலில். அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 76. ஹாலில் சாமிமேடைக்கு எதிரே ஒரு மர அலமாரி, அதில் ஆம்ப்ளிபையர், டியூனர், கேசட் டெக், சிடி பிளேயர், கீழ்த் தட்டில் 312 கேசட். கடையில் வாங்கிய பாட்டுக் கேசட் அதில் கால்வாசிகூட இருக்காது. மீதி எல்லாம் அவரே பதிந்தவை: எழுபதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை மலேசிய வானொலியின் தமிழ்ப் பகுதியில் போன நாடகங்கள், கர்நாடக இசை நிகழ்ச்சிகள், பத்துமலைத் தைப்பூசத்தில் தோளில் டேப் ரெக்கார்டரை மாட்டிக்கொண்டு பதிந்த உறுமியும் காவடிப் பாட்டும், அத்தை கல்யாணத்து நாதஸ்வரம், அப்புறம் கோலசிலாங்கூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய எங்கள் பாட்டி பாடிய தாலாட்டு. வானொலி நாடகத்துக்கு வேறெங்காவது ஒரு பிரதி இருக்கலாம் என்று ஆசைப்படலாம். பாட்டியின் குரலுக்கு உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான், அது ஒரு சி-60 (இரண்டு பக்கமும் சேர்த்து 60 நிமிஷம்) கேசட்டின் பி பக்கத்தில் இருக்கிறது.

இதை முதலில் மடிக்கணினியில்தான் செய்தேன். ஒரு சின்ன யூஎஸ்பி ஆடியோ இடைமுகம், இலவச மென்பொருள் ஒன்று. தரத்தில் ஒரு குறையும் இல்லை, செலவும் குறைவு, கணினியில் பழகியவர்கள் தாராளமாக அதையே செய்யலாம். ஆனால் நான் காஜாங்கில் இருக்கிறேன், வார இறுதியில்தான் செந்தூல் போவேன், போகும் நாளில் இரண்டு கேசட் முடிந்தால் பெரிய விஷயம். 312-ஐ இரண்டால் வகுத்தால் 156 வாரம், மூன்று வருஷம். அதைவிட முக்கியமானது, எந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது, யார் பேசுகிறார்கள், எந்த வருஷத்துத் தைப்பூசம் என்பதெல்லாம் அப்பாவுக்கு மட்டுமே தெரியும். அவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே பதிய வேண்டிய வேலை இது. அதனால்தான் கணினி இல்லாமல் தனியாக இயங்கும் ரெக்கார்டர் என்று முடிவு செய்தோம்.

நண்பர் ஒருவரிடம் கையடக்க ரெக்கார்டர் ஒன்று இரவல் வாங்கி வந்தேன். கூட்டங்களைப் பதிய அவர் வைத்திருந்தது, உள்ளங்கை அளவு, மேலே இரண்டு மைக், பக்கவாட்டில் 3.5 மில்லிமீட்டர் துளை ஒன்று, அதுவே மைக்குக்கும் லைனுக்கும், அதாவது மற்ற ஒலிச் சாமான்களிலிருந்து ஒயரில் வரும் சிக்னலுக்கும். ஆம்ப்ளிபையரிலிருந்து ஒயர் இழுத்து அதில் சொருகி, சோதனைக்கு ஒரு சிடியை ஓட விட்டேன். மீட்டர் -12 டெசிபெல்லைத் தாண்டவில்லை, 0-தான் வரம்பு, எல்லாம் பத்திரம் என்று நினைத்தேன். திரும்பக் கேட்டால் நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் கரகரப்பு. பதிவு அளவை இன்னும் குறைத்தேன், மீட்டர் -20-க்கு இறங்கியது, கரகரப்பு அப்படியே இருந்தது. கணினியில் திறந்து அலையைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒவ்வொரு அலையின் தலையும் கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருந்தது, உயரம் மட்டும் குறைவு.

காரணம் புரிந்ததும் எதைப் பார்த்து ரெக்கார்டர் வாங்க வேண்டும் என்பதும் புரிந்துவிட்டது. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். வீட்டு ஹை-ஃபை சாமான்களின் லைன் அளவு -10 டிபிவி (டிபிவி, டிபியு இரண்டும் வோல்ட்டை டெசிபெல்லில் சொல்லும் அலகுகள்), அதாவது சுமார் 0.316 வோல்ட். ஸ்டூடியோ சாமான்கள் +4 டிபியு, சுமார் 1.23 வோல்ட். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 12 டெசிபெல். இவை சராசரி அளவுகள், உச்சம் இதைவிட மேலே போகும். சிடி பிளேயர் முழு உச்சத்தில் 2 வோல்ட் தரும், அது +6 டிபிவி. மைக்குக்கென்று செய்த முதல் கட்டச் சுற்றில் 2 வோல்ட்டைக் கொண்டுபோய் இறக்கினால் அது அங்கேயே வெட்டிவிடும். அளவைக் குறைக்கும் திருகு அந்தக் கட்டத்துக்கு அப்பால் இருந்தால், ஏற்கெனவே வெட்டுப்பட்டதைத்தான் அது சிறிதாக்கித் தருகிறது. மீட்டரும் அப்பால்தான் பார்க்கிறது, அதனால் அதற்கும் தெரியாது.

தற்காலிகமாக ஒரு வழி செய்தேன். புடு ஜாலான் பாசாரில் எலக்ட்ரானிக்ஸ் உதிரிக் கடைகள் வரிசையாக இருக்கின்றனவே, அங்கே போய் 10 கிலோ ஓம் இரண்டு, 4.7 கிலோ ஓம் இரண்டு ரெசிஸ்டர் வாங்கினேன், சில்லறைக் காசுதான். ஒவ்வொரு சேனலிலும் சிக்னலின் வழியில் 10 கிலோ ஓம், அதற்குப் பிறகு சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 4.7 கிலோ ஓம். சுமார் 10 டெசிபெல் குறையும். ஒரு சின்ன அலுமினியப் பெட்டிக்குள் வைத்து ஈயம் பற்ற வைத்தேன். கரகரப்பு முற்றிலும் போனது. கையில் கையடக்க ரெக்கார்டர் இருந்து இதே தொந்தரவு இருந்தால் வேறு ஒன்றும் வாங்கத் தேவையில்லை, இதைச் செய்து பாருங்கள்.

ஆனால் அப்பாவுக்கு அது சரிப்படவில்லை. திரை தபால்தலை அளவு, மூக்குக்கண்ணாடி போட்டும் அவரால் படிக்க முடியவில்லை. யூஎஸ்பி சார்ஜரில் சொருகினால் மெல்லிய கீச்சொலி ஒன்று பதிவில் ஏறியது, பேட்டரிக்கு மாற்றியதும் காணாமல் போனது, ஆனால் பேட்டரி கேசட்டின் நடுவில் தீர்ந்துபோனது. 3.5 மில்லிமீட்டர் பிளக் லேசாக அசைந்தாலே இடது பக்கம் விட்டுப் போகும். நாற்பத்தைந்து நிமிஷம் பதிந்து முடித்த பிறகு பாதிக்கு மேல் ஒரு காது இல்லை என்று தெரிந்தால் அந்த மனுஷர் எவ்வளவு சோர்ந்துபோவார் என்பதை இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை பார்க்க எனக்கு விருப்பமில்லை.

அதன் பிறகு உட்கார்ந்து தேவைகளை எழுதினேன். பின்னால் ஆர்சிஏ துளை, அதாவது ஹை-ஃபை சாமான்களில் இருக்கும் சிவப்பு வெள்ளை ஜோடித் துளை, இருக்க வேண்டும், இரண்டு வோல்ட் வரை அது தாங்க வேண்டும். சுவர் மின்சாரத்தில் நேராக ஓட வேண்டும். மீட்டர் இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். எஸ்டி கார்டில் சுருக்காத வேவ் கோப்பாக எழுத வேண்டும், அதுவே எந்தக் கணினியிலும் திறக்கும். வெளியீடும் ஆர்சிஏவாக இருக்க வேண்டும், பதிந்ததை அதே ஸ்பீக்கரில் கேட்கத்தான். இவ்வளவுதான். 192 கிலோஹெர்ட்ஸ், டிஎஸ்டி போன்ற உயர்நுணுக்கப் பதிவு முறைகள் பட்டியலில் இல்லை.

ஏன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பற்றி என் தம்பியோடு ஒரு மாலை முழுக்க வாதாடினேன். சாதாரண கேசட்டில் இரைச்சலுக்கும் இசைக்கும் உள்ள தூரம் 50, 60 டெசிபெல்தான். 16 பிட்டிலேயே 96 டெசிபெல் கிடைக்கிறது. 24 பிட்டில் பதிவது நாடாவில் அவ்வளவு நுணுக்கம் இருக்கிறது என்பதற்காக இல்லை, அளவைத் தாராளமாகக் குறைத்து வைத்து, திடீரென்று உறுமி அடித்தாலும் வெட்டுப்படாமல் பதியலாம் என்பதற்காக. உச்சம் -12-க்கும் -6-க்கும் இடையே நின்றால் போதும், கடைசிக் கோடு வரை ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. அப்புறம் கணக்கு. 208 கேசட் சி-60, 104 கேசட் சி-90, ஆக மொத்தம் 364 மணி நேரம். 24 பிட் 48 கிலோஹெர்ட்ஸில் மணிக்கு ஏறக்குறைய 1.04 ஜிபி, மொத்தம் 380 ஜிபிக்குள் அடங்கும். 192 கிலோஹெர்ட்ஸில் அதுவே 1,500 ஜிபியைத் தாண்டும், 5.6 மெகாஹெர்ட்ஸ் டிஎஸ்டியில் 1,800-க்கு மேல். இரண்டு பிரதி வைக்க வேண்டும் என்றால் அதையும் இரண்டால் பெருக்குங்கள். பல ரெக்கார்டர்கள் 2 ஜிபி ஆனதும் அடுத்த கோப்புக்குத் தாவிவிடும், 192-இல் அது அரை மணி நேரத்துக்கே வந்துவிடுகிறது, 45 நிமிஷப் பக்கம் இரண்டு துண்டாகும். 48-இல் இரண்டு மணி நேரம் வரை ஒரே கோப்பு. நல்ல எல்பி தட்டுகளைப் பதிபவர் 96 வரை போகட்டும், நான் ஆட்சேபிக்க மாட்டேன். கேசட்டுக்கு 48 போதும்.

இந்தப் பட்டியலோடு என்னென்ன பார்த்தேன் என்றால், முதலில் அப்பாவின் நண்பர் கொடுக்க முன்வந்த பழைய ஆடியோ சிடி ரெக்கார்டர். அழகான பெட்டி, ஆர்சிஏ உண்டு, பெரிய பொத்தான்கள். ஆனால் வீட்டு உபயோகத்துக்கென்று வந்த அந்த வகை, ஆடியோவுக்கென்று தனியாகக் குறியிட்ட வெற்று சிடியை மட்டுமே ஏற்கும், கணினிக்கு வாங்கும் சாதாரண சிடியை ஏற்காது. அந்தத் தட்டைத் தேடி அலைய வேண்டும், ஒரு தட்டில் 80 நிமிஷம், சி-90 ஒன்றுக்கு இரண்டு தட்டு. மினிடிஸ்க்கும் அதே காரணத்தால் போனது, அதோடு அது ஒலியைச் சுருக்கிப் பதிவது. ஒரே பிரதி உள்ள குரலை அப்படிப் பதிய மனசு ஒப்பவில்லை.

டாஸ்காம் டிஆர்-40எக்ஸ் நல்ல சாமான், லைன் உள்ளீடு முறையாக உண்டு, ஒரே நேரத்தில் அளவு குறைத்த இரண்டாவது கோப்பையும் சேர்த்து எழுதும், ஒன்று வெட்டுப்பட்டால் மற்றது காப்பாற்றும். இசைக்குழு, கோயில் விழா என்று வெளியே போய்ப் பதிபவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். ஆனால் கையடக்கம்தான், ஆர்சிஏவிலிருந்து பெரிய பிளக்குக்கு மாற்ற வேண்டும், திரையும் சின்னது. சோனி பிசிஎம்-டி100-ஐ ஒருவரிடம் பார்த்தேன், திருகைத் தொட்டுத் திருப்பும்போதே ஆசை வந்தது, லைன் துளையிலேயே ஆப்டிகல் கேபிளும் சொருகலாம். அதுவும் மேசை மேல் தனியாகக் கிடக்க வேண்டிய பொருள், அலமாரியில் குடியிருக்காது, தயாரிப்பும் நின்றுவிட்டது. கோர்க் எம்ஆர்-2000எஸ் அலமாரிக்குப் பொருந்தும் பெட்டி, ஆனால் உள்ளே 80 ஜிபி ஹார்ட் டிஸ்க், 2008 வாக்கில் வந்தது, இத்தனை வருஷம் சுழன்ற டிஸ்க்கை நம்பிப் பாட்டியை ஒப்படைக்க எனக்குத் தைரியம் இல்லை.

கடைசியில் நின்றது டாஸ்காம் டிஏ-3000. ஒற்றை உயர ரேக் பெட்டி, பின்னால் ஆர்சிஏவும் ஸ்டூடியோ ஒயருக்கான எக்ஸ்எல்ஆரும், எஸ்டி கார்டு அல்லது சிஎஃப் கார்டு, முன்னால் எரியும் எல்ஈடி மீட்டர், மைக் துளையே கிடையாது. 192-உம் டிஎஸ்டியும் அதில் இருக்கின்றன, எனக்குத் தேவையில்லை, ஆனால் மீட்டரும் ஆர்சிஏவும் தேவை. பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தை நடக்கும், எல்பி தட்டு தேடுபவர்களுக்குத் தெரிந்த இடம், ஹை-ஃபை கடைகளும் அங்கே உண்டு. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பேச்சுக் கொடுத்ததில் ஒரு சீனர் தன்னிடம் ஒன்று இருப்பதாகச் சொன்னார், அடுத்த வாரம் கொண்டுவந்தார். அப்பா கையோடு ஒரு கேசட் வாக்மேனும் ஒயரும் கொண்டுவந்திருந்தார். "பாஸ், சோதிச்சுப் பார்த்துட்டு வாங்குறோம்" என்று மலாயில் சொல்லிவிட்டு, அங்கேயே சொருகி, ஐந்து நிமிஷம் பதிந்து, திரும்ப ஓட விட்டு, ஹெட்போனில் இரண்டு காதையும் மாற்றி மாற்றிக் கேட்டார். பழைய ரெக்கார்டர் வாங்கப் போகிறவர்கள் இப்படியே செய்யுங்கள். கார்டு துளை, எல்லாப் பொத்தான், ஹெட்போன் துளை, இரண்டு சேனல், இவ்வளவும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். விலை பேசி முடித்து 2,600 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினோம். குறைந்த காசு இல்லை. தம்பியும் அத்தையும் ஆளுக்குப் பாதி போட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் தடை மரத்தில் வந்தது. ரேக் பெட்டியின் முகப்பு 19 அங்குலம், அதாவது 48.3 சென்டிமீட்டர். அப்பாவின் அலமாரி உள் அகலம் 46. ஹை-ஃபை சாமான் பெரும்பாலும் 43, 44 அகலம் என்பதால் அந்தக் காலத்தில் தச்சர் அதற்கேற்பச் செய்திருக்கிறார். வாங்கும் முன் இதை அளக்க வேண்டும். காது மட்டும்தான் அகலம், உடம்பு உள்ளே போகும், அதனால் இரண்டு பக்கப் பலகையின் முன் விளிம்பிலும் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் பள்ளம் செதுக்கினோம். உளியை அப்பாவே பிடித்தார். பட்டறைக் கை, ஒரு மில்லிமீட்டர்கூட அதிகம் போகவில்லை. மேலே நான்கு விரல் இடம் விட்டோம், சூடு போவதற்கு.

ஒயர் இணைப்பில் ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஆம்ப்ளிபையரின் ஹெட்போன் துளையிலிருந்தோ ஸ்பீக்கர் முனையிலிருந்தோ எடுக்காதீர்கள். பழைய ஆம்ப்ளிபையர் பெரும்பாலானவற்றில் பின்னால் டேப் என்று நான்கு துளைக் கூட்டம் இருக்கும், ரெக் இரண்டு, பிளே இரண்டு. ரெக் துளையில் வருவது வால்யூம், பேஸ், ட்ரெபிள் திருகுகளுக்கு முன்னால் எடுத்த சிக்னல், நீங்கள் சத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் பதிவு மாறாது. அதை ரெக்கார்டரின் உள்ளீட்டுக்கும், ரெக்கார்டரின் வெளியீட்டை பிளே துளைக்கும் கொடுங்கள். அப்புறம் முன்னால் உள்ள டேப் மானிட்டர் பொத்தானை அமுக்கினால் ரெக்கார்டருக்குள் போய்த் திரும்பி வந்த ஒலியைக் கேட்கலாம், விட்டால் நேர் ஒலி. அமுக்கி, விட்டு, அமுக்கி, விட்டு அப்பா அரை மணி நேரம் ஒப்பிட்டார். "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார். எனக்கும் வித்தியாசம் கேட்கவில்லை.

ஆனால் மூன்று நாள் கழித்து தொலைபேசியில் கூப்பிட்டார். "வானொலி கேட்கும்போது சத்தம் கொஞ்சம் நசுங்கின மாதிரி இருக்கும்மா, பொம்பளக் குரல்ல தெரியுது." பதியாதபோதுதான் அப்படி என்றார். ரெக்கார்டர் அணைந்திருக்கும்போது மட்டும். போய்க் கேட்டேன், உண்மைதான், மெல்லியதாக ஆனால் நிச்சயமாக இருந்தது. பல பழைய ஆம்ப்ளிபையர்களில் ரெக் துளைக்கு நடுவில் எந்தத் தடுப்புச் சுற்றும் இல்லை, ஓடிக்கொண்டிருக்கும் சிக்னலிலிருந்து ஒரு கிளை நேராக வெளியே போகிறது. மறுமுனையில் இருக்கும் பெட்டிக்கு மின்சாரம் இல்லாதபோது அதன் உள்ளீட்டுப் பாகங்கள் சிக்னலின் உச்சத்தைப் பிடித்து இழுக்கத் தொடங்கும், அது ஸ்பீக்கர் வரை கேட்கும். இது அந்த ரெக்கார்டரின் குறை இல்லை, எந்தப் பெட்டியை அங்கே மாட்டி அணைத்து வைத்தாலும் நேரலாம். ரெக்கார்டரை எப்போதும் எரிய விடுவது ஒரு வழி. நான் இரண்டு சேனலையும் துண்டிக்கும் சின்ன சுவிட்ச் ஒன்றை ஜாலான் பாசாரிலேயே வாங்கி, முன்பு ரெசிஸ்டர் வைத்த அதே அலுமினியப் பெட்டியில் பொருத்தி நடுவில் மாட்டினேன். மேலே "பதிவு" என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறார் அப்பா. 76 வயதுக் காது அதைக் கண்டுபிடித்தது என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

ரெக்கார்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் டெக் சரியில்லை என்றால் அத்தனையும் வீண், அதனால் டெக்குக்கு ஒரு முழு வார இறுதியைக் கொடுத்தேன். திறந்தால் பெல்ட் உருகித் தார் மாதிரி கப்பியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்துத் துடைத்து விரல் நகமெல்லாம் கறுத்தது. புது பெல்ட் போட்டதும் வேகம் பார்த்தேன். 3,150 ஹெர்ட்ஸ் தொனி பதிந்த சோதனைக் கேசட்டை ஓடவிட்டு, கைப்பேசியில் சுருதி பார்க்கும் செயலியை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் 3,205 காட்டியது. ஒன்றே முக்கால் சதவீதம் வேகம் அதிகம். மோட்டாரின் பின்னால் உள்ள சிறு திருகை மரக் குச்சியால் அணு அணுவாகத் திருப்பி 3,150-க்குக் கொண்டுவந்தேன்.

அப்புறம் ஹெட்டின் சாய்வு. ஹெட்டுக்கு ஒரு பக்கத்தில் சின்ன திருகு இருக்கும், அதைத் திருப்பினால் ஹெட் மயிரிழை சாயும். நாடாவைப் பதிந்த டெக்கின் சாய்வும் இதன் சாய்வும் ஒத்துப்போகவில்லை என்றால் உச்ச ஸ்தாயி மங்கிவிடும். ஆம்ப்ளிபையரில் மோனோ பொத்தானை அமுக்கிவிட்டுத் திருகை மெல்லத் திருப்புங்கள். இரண்டு சேனலும் ஒன்றுகூடும் இடத்தில் ஜால்ரா சட்டென்று பளிச்சென்று வரும், அந்த இடம்தான். அப்பாவின் கேசட்டுகள் மூன்று வெவ்வேறு மெஷினில் பதிந்தவை. பத்துமலைப் பதிவுகள் ஒரு சாய்வு, வானொலிப் பதிவுகள் இன்னொன்று. அதனால் கேசட்டுகளை வருஷ வரிசையில் இல்லாமல் மெஷின் வாரியாகப் பிரித்தோம், ஒரு தொகுதி முடிந்த பிறகே திருகைத் தொடுகிறோம். டால்பி பி என்ற இரைச்சல் குறைக்கும் முறை போட்டுப் பதிந்தவற்றுக்கு மட்டும் டால்பி பொத்தான், மற்றவற்றுக்குக் கூடாது, போட்டால் உச்ச ஸ்தாயி இன்னும் அமுங்கும். எது எது என்பது அட்டையில் அப்பா கையெழுத்தில் இருக்கிறது.

நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் வராத கேசட் குறைவு. நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி மாதிரி தெரிந்தால் அதை நல்ல டெக்கில் போடவே போடாதீர்கள், ஹெட்டிலும் ரப்பர் உருளையிலும் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். 40-க்கு மேற்பட்ட கேசட் அப்படி இருந்தது. அவற்றுக்கென்று ஒரு ஓட்டை வாக்மேனை ஒதுக்கி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெல்லிய துணியில் நாடா உரசிப் போகுமாறு முன்னும் பின்னும் ஓட்டித் துடைத்த பிறகுதான் டெக்குக்குப் போகும். காத்திருக்கும் கேசட்டுகள் இப்போது கேமராவுக்கு விற்கும் ஈரம் உறிஞ்சும் அலமாரியில் இருக்கின்றன.

அப்பாவின் வேலைமுறை இப்போது இப்படி. காலை பசியாறிவிட்டு ஒரு கேசட்டை எடுத்து முன்னும் பின்னும் ஒரு தடவை முழுக்க ஓட்டுவார், இறுக்கம் தளர. ஹெட்டை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைப்பார். மிகச் சத்தமான இடம் எது என்று அவருக்குத் தெரியும், அங்கே போய் மீட்டரைப் பார்ப்பார். அப்புறம் ரெக்கார்டரில் ரெக் பொத்தான், அது தயார் நிலையில் நிற்கும், பிறகு பிளே, அதோடு பதிவு ஓடத் தொடங்கும். ஒரு பொத்தானில் முடியவில்லையே என்று நான் தயங்கினேன். "டெக்கிலயும் ரெண்டத்தானே சேர்த்து அமுக்குவோம்" என்று அவர் அதைப் பெரிதாக எடுக்கவே இல்லை. ஒரு பக்கம் ஒரு கோப்பு. கோடு போட்ட நோட்டில் கேசட் எண், பக்கம், தேதி, நேரம், யார் குரல், எங்கே பதிந்தது எல்லாம் எழுதுவார். ரெக்கார்டரின் கடிகாரத்தை நான் சரியாக வைத்திருக்கிறேன், நோட்டில் உள்ள நேரத்தை வைத்தே கோப்பை அடையாளம் கண்டு பெயர் மாற்றிவிடுவேன். கார்டு 32 ஜிபி, அதற்கு மேல் உள்ளவை வேறு வகை, பழைய ரெக்கார்டர் பலவற்றுக்கு ஆகாது. சுமார் 30 மணி நேரம் கொள்ளும். இரண்டு கார்டு வைத்திருக்கிறோம், சனிக்கிழமை ஒன்றை நான் எடுத்துப் போவேன், இரண்டு வன்வட்டில் நகல் எடுத்து, ஒன்று காஜாங்கில் ஒன்று தம்பி வீட்டில், இரண்டிலும் திறந்து கேட்ட பிறகுதான் கார்டை அழிப்பேன். அந்த வரிசையை ஒரு நாளும் மாற்றியதில்லை.

ஆறு வாரத்தில் 97 கேசட் முடிந்தது. பத்துமலைப் பதிவு ஒவ்வொன்றும் அப்பாவின் குரலோடுதான் தொடங்குகிறது, எந்த வருஷம், எந்தப் படியில் நிற்கிறார், யாருடைய காவடி வருகிறது என்று மைக்கில் சொல்லிவிட்டுத்தான் அமைதியாகிறார். முப்பது வயதுக் குரல். நான் அதைக் கேட்டதே இல்லை.

பாட்டியின் கேசட் இன்னும் பதியவில்லை. நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு பசை விட்டு விழுந்து கிடக்கிறது, அது இல்லாமல் ஓட்டினால் ஒலி வந்து வந்து போகும். கூட்டில் ஐந்து திருகு, நல்ல வேளை, ஒட்டி மூடிய கூடு இல்லை. அதே அளவில் ஒரு வெற்றுக் கேசட்டைத் திறந்து வைத்துவிட்டேன், இரண்டு சக்கரத்தையும் நாடாவோடு தூக்கி அதற்குள் வைக்க வேண்டும். பழைய வெற்றுக் கேசட்டுகளில் நான்கு தடவை செய்து பார்த்துக் கை பழகிவிட்டது. இந்தச் சனிக்கிழமை அத்தையும் வருகிறார், அவர் வந்த பிறகு செய்யலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.